தாமலில் ஓர் அரட்டை அறை

அரட்டை என்ற சொல்லை நம் பெரியவர்கள் மரியாதையான இடத்தில் வைத்ததில்லை. வேலையற்றவன் பேச்சு, வீண்பொழுது என்றே அதற்குப் பொருள் கொண்டார்கள். ‘அரட்டுதல்’ என்னும் வினைக்கு அதட்டிப் பயமுறுத்துதல் என்ற பொருளும் உண்டு. கணினி வந்தபின் இச்சொல்லுக்கு ஒரு புதுவாழ்வு கிடைத்தது. தொலைவில் இருக்கும் இருவர் எழுத்தால் அந்தக் கணமே பேசிக்கொள்வதற்கு அரட்டை என்றே தமிழர்கள் பெயரிட்டார்கள். ‘உரையாடல்’, ‘உடனுரையாடல்’ என்றெல்லாம் முன்மொழியப்பட்டும் அரட்டையே நிலைத்தது.

தாமலில் நாங்கள் நிறுவிய அரட்டை அறையைப் பற்றியது இக்கட்டுரை. நாங்கள் என்றால் நான்கு பேர். மாதம் ஒரு ஞாயிறு கூடிப் புத்தகம் பேசுகிறவர்கள். எங்களுள் ஒருவர் நிரல் எழுதிப் பிழைப்பவர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் இன்றும் தறியில் உட்காருகிறவர். அறையை நிறுவும் வேலை பெரும்பாலும் நிரலுடையது. ஆனால் அதில் எங்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி நிரலுடையது அன்று. முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறோம்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பாலுசெட்டிசத்திரத்துக்கு அருகே உள்ளது தாமல். பழைய தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரால் தாமல் கோட்டம் எனப்பட்டது. வராகீசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் ஊரின் பழமைக்குச் சான்று. ஏரி பெரியது; நிறைந்த ஆண்டுகளில் அதன் கரையில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். நெடுஞ்சாலையில் போகிற பேருந்துக்காரர்களுக்கு இது ஒரு நிறுத்தம், அவ்வளவே. உள்ளே வந்தால்தான் சில வீடுகளில் தறிச்சத்தம் கேட்கும்.

காஞ்சிபுரத்துப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு நாடாவால் நெய்யப்பட்டு, ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஆட்கள் வேண்டும். நெய்பவர் ஒருவர், ஓரத்து நாடாவைத் தள்ளிக்கொடுப்பவர் இன்னொருவர். உடலின் நிறம் என்ன, கரையின் நிறம் என்ன என்பது பாவு பூட்டும் முன்பே முடிவாகிவிட வேண்டும். சாயம் ஏற்றிப் பாவும் பூட்டியபின் ஒருவர் மனம் மாறினால், அந்த மாற்றத்தின் விலையை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதில்தான் எங்கள் கதை தொடங்குகிறது.

எங்களுக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவருக்குச் செல்பேசிச் செய்தியில் வேலை வந்தது. மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. இரண்டு நாள் கழித்து அரக்கு வேண்டாம், கிளிப்பச்சை போடு என்று இன்னொரு செய்தி. அதன்படியே பாவு பூட்டி, அந்தப் பாவில் வரும் மூன்று சேலைகளுள் முதலாவதை முடித்துக் கொண்டுபோனார். வியாபாரி அரக்குதான் சொன்னேன் என்றார். செல்பேசியைத் திறந்து காட்டலாம் என்று பார்த்தால், கிளிப்பச்சை என்ற செய்தி இருந்த இடத்தில் ‘இச்செய்தி நீக்கப்பட்டது’ என்ற ஒரு சாம்பல்நிற வரி மட்டும் இருந்தது. கூலியில் பாதி பிடிக்கப்பட்டது. அவர் எங்களிடம் வந்து புலம்பவில்லை. “கண்ணால பாத்தேன் சார், கண்ணு முன்னாலயே இல்லாம போச்சு” என்று மட்டும் சொன்னார்.

பழைய நாளில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு கிழியலாம், தொலையலாம். ஆனால் எழுதிக் கொடுத்தவர் தம் வீட்டில் உட்கார்ந்தபடியே பெற்றவரின் சட்டைப்பையிலிருந்து அதை உருவ முடியாது. இப்போது முடிகிறது. இந்த ஒரு வேறுபாடுதான் எங்களை வேலையில் இறக்கியது.

*

கணத்தில் பேசும் கணினிப் பேச்சுக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1973-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து பிளேட்டோ கணினியில் டக் பிரவுனும் டேவிட் உல்லியும் ‘டாக்கோமாட்டிக்’ என்ற நிரலை உருவாக்கினார்கள். திரை பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஐந்து பேர் பேசலாம். ஒருவர் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தும் தட்டிய கணமே மற்றவர் திரையில் தோன்றும். தயக்கம், அடித்துத் திருத்துவது, சொல் தேடி நிற்பது எல்லாம் எதிராளிக்குத் தெரியும். 1988-இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினன் ஐ.ஆர்.சி.யை எழுதினார். அதில் வரி முழுதும் முடிந்தபின்தான் போகும். தயக்கங்கள் மறைந்து முடிவுகள் மட்டும் செல்லும் வழக்கம் நிலைபெற்றது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது. 1998-இல் வந்த யாஹூவின் தூதுவன் நம் தலைமுறையின் திண்ணையாக இருந்து, 2018 ஜூலை 17 அன்று மூடப்பட்டது. அந்நாளில் தமிழில் அரட்டை அடிக்க முயன்றவர்களுக்கு நினைவிருக்கும்: இங்கே திஸ்கியில் அடித்தால், அதே எழுத்துரு இல்லாத எதிர்முனையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிசையாக விழும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. குறிமுறைச் சண்டை முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. யுனிகோடு வேரூன்றியபின்தான் இருமுனையிலும் ஒரே தமிழ் தெரிந்தது.

உலாவிக்குள் அரட்டை என்பது வேறொரு சிக்கல். இணையப் பக்கத்தின் இயல்பே கேட்டால் கொடுப்பது. உலாவி கேட்கும், வழங்கி கொடுக்கும், கதவு மூடிவிடும். கேளாதபோது வழங்கி தானாக வந்து எதையும் சொல்லாது. ஆகவே தொடக்கத்தில், ‘புதிதாக ஏதும் உண்டா’ என்று உலாவி சில நொடிக்கொருமுறை போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. தபால்காரர் வீட்டுக்கு வராத ஊரில், தபால் நிலையத்துக்கு நாள் முழுதும் நடந்துகொண்டிருப்பதற்கு ஒப்பானது என்றார் எங்கள் தபால்துறை நண்பர். அடுத்த உபாயம், கேள்வியைப் பெற்றுக்கொண்ட வழங்கி, செய்தி வரும்வரை பதில் சொல்லாமல் நிறுத்தி வைப்பது. 2011 டிசம்பரில் தரமாக்கப்பட்ட வெப்சாக்கெட்டே முறையான விடை. உலாவி வழக்கம்போல ஒரு கேள்வியோடு சென்று, இந்த இணைப்பை வேறு வகைக்கு மாற்றுவோமா என்று கேட்கிறது. வழங்கி 101 என்ற எண்ணோடு சம்மதம் சொல்கிறது. அதன்பின் கதவு மூடுவதில்லை. இருபுறமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

*

நாங்கள் தேர்ந்துகொண்டவை எளிய பொருட்கள். மாத வாடகைக்கு ஒரு சிறிய வழங்கி. ஒரு ஜிபி நினைவகம். அதில் லினக்ஸ். அரட்டையை நடத்த நோட்.ஜேஎஸ் நிரல் ஒன்று; செய்திகளைச் சேமிக்க எஸ்க்யூலைட், அதாவது ஒரே ஒரு கோப்பு. முன்வாசலில் என்ஜின்எக்ஸ். பூட்டுக்குச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. தொண்ணூறு நாளுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும், அதை வழங்கியே தானாகச் செய்துகொள்ளும்படி அமைத்தோம். முப்பது நாற்பது பேர் பேசும் இடத்துக்கு இதற்குமேல் வேண்டியதில்லை. ஒரே வழங்கியில் இருபது லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக வாட்ஸப் நிறுவனம் 2012-இல் அறிவித்தது; எரிக்சன் தன் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங் என்ற மொழி அதற்குத் துணை நின்றது. எங்கள் தேவை அதற்கு எத்தனையோ படி கீழே.

முதல் முட்டுக்கட்டை முன்வாசலில். வெப்சாக்கெட்டுக்கு மாறலாமா என்ற அந்த வேண்டுகோளை என்ஜின்எக்ஸ் தானாக உள்ளே கடத்தாது. இன்ன இன்ன தலைப்புகளை அனுப்பு என்று எழுதி வைக்க வேண்டும். எழுதினோம். இணைந்தது. ஆனால் அறுபது நொடி யாரும் பேசாதிருந்தால் இணைப்பு அறுந்தது. அறுபது நொடி அமைதியைப் பிணம் என்று கொள்வது என்ஜின்எக்ஸின் இயல்பான ஏற்பாடு. நெசவாளர்களின் அறையில் அறுபது நொடி அமைதி என்பது ஒன்றுமே இல்லை. கையில் நாடா இருக்கும்போது யார் தட்டச்சு செய்வார்? இருபத்தைந்து நொடிக்கொருமுறை ‘இருக்கிறாயா’, ‘இருக்கிறேன்’ என்று இரு முனைகளும் தமக்குள் சொல்லிக்கொள்ளும்படி செய்தபின் அறை நிலைத்தது.

இரண்டாவது, ஏரிக்கரைப் பக்கத்து வீடுகளில் கைப்பேசி அலை வரும், போகும். மின்சாரமும் அப்படியே. இணைப்பு அறுந்து மீளும்போது இடையில் வந்தவை தவறக்கூடாது. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் வழங்கி ஒரு வரிசை எண் தருகிறது. மீண்டு வரும் செல்பேசி, என்னிடம் 417 வரை உண்டு என்கிறது. 418 முதல் வழங்கி கொடுக்கிறது. எதிர்த்திசையில் வேறொரு தொல்லை. அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா தெரியாமல் செல்பேசி மறுபடி அனுப்பினால் ஒரே செய்தி இருமுறை விழும். ‘மூன்று சேலை’ என்பது இருமுறை விழுந்தால் ஆறு சேலை ஆகிவிடும் அல்லவா? எனவே செல்பேசியும் தன் பங்குக்கு ஓர் அடையாளம் ஒட்டி அனுப்புகிறது. அதே அடையாளம் மீண்டும் வந்தால் வழங்கி ஒதுக்கிவிடும். நேரத்தையும் வழங்கியின் கடிகாரமே பதிகிறது. ஒவ்வொருவர் செல்பேசியும் ஒவ்வொரு நேரம் காட்டும். எது முன், எது பின் என்பதே வழக்காகும் இடத்தில் அவற்றை நம்ப இயலாது.

மூன்றாவது, தமிழ். யுனிகோடு வந்ததோடு தமிழின் துன்பம் தீர்ந்தது என்று எண்ணுவோர் ஓர் அரட்டை நிரலை எழுதிப் பார்க்க வேண்டும். ‘கோர்வை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ஒருவர் ஒருவிதமாக எழுதியதை மற்றொருவர் மறுவிதமாகத் தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது இன்றியமையாதது. அளவுக் கட்டுப்பாட்டிலும் இதே கதை. செய்திக்கு ஆயிரம் பைட் என்று எல்லை வைத்தால் ஆங்கிலத்தில் ஆயிரம் எழுத்து எழுதலாம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்வதால் முந்நூற்றுமுப்பத்துமூன்று குறிகளோடு முடிந்துவிடும். உயிர்மெய் பலவும் இரண்டு குறிகள் என்பதால் எழுத்துக் கணக்கு இன்னும் குறையும். இந்த எல்லையை வகுத்தவருக்குத் தமிழ் மீது பகையில்லை. அவர் தமிழை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

தட்டச்சே வேண்டாம் என்றவர்களும் பலர். அவர்களுக்காகக் குரல் பதிவு. நொடிக்கு இருபத்துநான்காயிரம் பிட் வேகத்தில் ஒரு நிமிடப் பேச்சு நூற்றெண்பதாயிரம் பைட்டுக்குள் அடங்கும். மெல்லிய அலையிலும் போய்ச்சேரும்.

*

நிற்க. கருவி இயங்கியபின்தான் உண்மையான விவாதம் எழுந்தது. இங்கே எழுதியதை அழிக்கலாமா, கூடாதா?

கூடாது என்பதே எங்கள் முதல் எண்ணம். கிளிப்பச்சைக்காகத்தானே இத்தனை வேலையும்! தவறாக எழுதினால் கீழே திருத்தம் எழுதட்டும். முன்னதும் இருக்கட்டும், பின்னதும் இருக்கட்டும் என்றோம். நெசவாளர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் இரண்டு வாரம் சென்றபின் பார்த்தால், அந்த அறையில் நிறம், இழை, ஜரிகை, தேதி தவிர வேறு பேச்சே இல்லை. குறிப்பாகப் பெண்கள் ஒருவரும் எழுதவில்லை. ஓரத்து நாடா தள்ளி, நூல் சுற்றி, வீட்டு வேலையும் பார்க்கும் ஓர் அம்மாளிடம் காரணம் கேட்டோம். “எழுதுனா அழியாதுன்றீங்க. நாங்க பேசறதெல்லாம் நெலைக்கணும்னா பேசறோம்?” என்று திருப்பிக் கேட்டார்.

அதற்கு எங்களிடம் உடனே விடையில்லை. எங்கள் ஞாயிறு கூட்டத்தில் இரண்டு முறை இதைப் பேசினோம். ஆசிரிய நண்பர், எழுத்து என்றாலே நிலைப்பது, நிலைக்க வேண்டாதவர் வாயால் பேசட்டும் என்றார். தறிக்கார நண்பர் மறுத்தார். மாமியாரைப் பற்றியும், வாங்கிய முன்பணத்தைப் பற்றியும், வயிற்று வலியைப் பற்றியும் அடுத்த தறிக்காரியிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது ஒரு தேவை. தறிகள் குறைந்து வீடுகள் விலகிப்போனபின் அந்தத் தேவைக்கு இடமில்லாமல் போயிற்று. அதை எழுத்தில் செய்ய நேர்ந்தால் எழுத்துக்கும் மறதி வேண்டும் என்றார். வலியவன் தன் சொல்லை அழித்துக்கொள்வதும், எளியவள் தன் சொல்லை அழித்துக்கொள்வதும் நிரலுக்கு ஒரே கட்டளை. ஊருக்கு ஒன்றல்ல என்பது அன்று எங்களுக்குத் துலங்கியது.

முடிவில் அறை இரண்டாயிற்று. ஒன்று ‘கணக்கு’. வேலை, நிறம், கூலி, நாள் ஆகியவை அங்கே. அங்கு எதையும் எவரும், நாங்கள் உட்பட, நீக்கும் பொத்தான் கிடையாது. மற்றது ‘திண்ணை’. அங்கு எழுதுவது ஏழு நாளில் தானாக மறையும். எழுதியவர் விரும்பினால் முன்னரே நீக்கலாம். எதில் எழுதுகிறோம் என்பது எழுதுகிறவருக்குக் குழம்பாமல் இருக்க, கணக்கின் பின்னணி வெள்ளை, திண்ணையின் பின்னணி வெளிர் மஞ்சள். ‘இன்னார் தட்டச்சு செய்கிறார்’ என்ற அறிவிப்பையும், ‘பார்த்துவிட்டார்’ என்ற குறியையும் இரண்டிலும் எடுத்துவிட்டோம். பார்த்துவிட்டுப் பதில் சொல்லவில்லையே என்ற வருத்தம் ஊரில் ஏற்கெனவே போதிய அளவு உண்டு.

இதற்கெல்லாம் பெரிய நிறுவனங்களின் செயலி போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1996-இல் தொடங்கி, 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்த ஸோஹோ நிறுவனம், 2021 ஜனவரியில் ‘அரட்டை’ என்ற பெயரிலேயே ஒரு செயலியைச் சோதனையாக வெளியிட்டது. நாலரை ஆண்டு அது ஓசையின்றி இருந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று நாடே அதை நாடியது. நாளொன்றுக்கு மூவாயிரமாக இருந்த புதுப்பதிவு மூன்றே நாளில் மூன்றரை லட்சமானது என்று ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். வழங்கிகளை அவசரமாகக் கூட்ட வேண்டியிருந்தது. மூன்று நாளில் நூறு மடங்கு என்பது எந்த நிரலுக்கும் கடுஞ்சோதனை. பெரியோர் வைத்த வசைச்சொல் ஒன்று இந்தியா முழுதும் பெயர்ச்சொல்லாக ஒலித்தது எங்களுக்கு மகிழ்ச்சியே.

ஆனால் எந்தப் பெரிய செயலியிலும் அழிப்பது, வைப்பது பற்றிய விதி கோடிப் பேருக்கு ஒன்றாகத்தான் இருக்க இயலும். கணக்குக்கு ஒரு விதி, திண்ணைக்கு ஒரு விதி என்று தாமலுக்காக யாரும் வகுக்க மாட்டார்கள். நாங்கள் செய்தது அது ஒன்றே. அதற்கான விலையையும் மறைக்க விரும்பவில்லை. பெரிய செயலிகள் பலவற்றில் செய்தி இருமுனைக்கிடையே பூட்டப்பட்டுச் செல்லும். நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. எங்கள் அறையில் வழிப்பயணத்துக்கு மட்டுமே பூட்டு உண்டு; வழங்கியின் சாவி உள்ளவர் நினைத்தால் படிக்கலாம். வழக்கு வந்தால் எடுத்துக்காட்ட வேண்டிய கணக்குக்கு அது தேவை. திண்ணைக்கு அது குறை. இதை முதல் நாளே ஒவ்வொரு வீட்டிலும் வாயால் சொன்னோம். நுழைவுப் பக்கத்திலும் எழுதியிருக்கிறோம்.

முழுதும் நம்முடையது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. உலாவியை மூடிவிட்டால் வெப்சாக்கெட் போய்விடும். மூடிய செல்பேசியைத் தட்டி எழுப்ப, உலாவியை உருவாக்கிய நிறுவனத்தின் வழங்கி வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியில் ‘புதிய செய்தி உண்டு’ என்ற மூன்று சொற்களை மட்டும் அனுப்புகிறோம். யார், என்ன என்பது அதில் இராது.

*

பயன் என்ன என்று கேட்டால், அளந்து சொல்லக்கூடியது சிறிதே. வெளியூர் வியாபாரிகளில் இருவர் மட்டும் கணக்கு அறைக்குள் வந்தார்கள். மற்றவர்கள், எங்களை நம்பவில்லையா என்று வருத்தப்பட்டார்கள். அவர்களிடம் வேலை வாங்கும் நெசவாளர்கள் வற்புறுத்தவும் இல்லை, வற்புறுத்த இயலாது. அவர்களுக்கென ஒரு வழக்கம் தானாகத் தோன்றியது. வெளியே வந்த செய்தியைப் பெற்றவுடன், நெசவாளர் அதைக் கணக்கில் தம் குரலால் ஒருமுறை சொல்லிப் பதிகிறார்: இன்ன நாள், இன்னார், உடல் இது, கரை இது. அது சட்டத்தின் முன் எவ்வளவு நிற்குமோ அறியோம். ஆனால் ஒருமுறை கரையின் அகலத்தில் தகராறு வந்தபோது, தேதியும் நேரமுமாக அந்தக் குரலைப் போட்டுக் காட்டியதும் வியாபாரி சிறிது நேரம் பேசாமல் இருந்து, முழுக்கூலியையும் எடுத்து வைத்தார். முதலில் பாதிக்கூலி இழந்தவருக்கு அந்தப் பணம் திரும்பவில்லை.

திண்ணையில் என்ன பேசுகிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை. வழங்கியின் பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் தெரியும். பிற்பகல் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே அது நிரம்புகிறது.

இப்போது எஞ்சியிருப்பது காவல். நிரல் எழுதிய நண்பருக்கு வேலை நிமித்தம் வெளியூர் மாற்றம் வந்திருக்கிறது. சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்றாலும், புதுப்பிக்காத நாளில் பார்க்க ஓர் ஆள் வேண்டும். சேமிப்புக் கோப்பை நாள்தோறும் வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். வாடகையைக் கட்ட வேண்டும். காஞ்சிபுரத்தில் கல்லூரிக்குப் போகிற, தறிவீட்டுப் பெண் ஒருவர் கற்றுக்கொள்ள முன்வந்தார். அவருக்காக எல்லாவற்றையும் தமிழில், ஒரு நாற்பது பக்க நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம்: வழங்கி நின்றால் முதலில் எதைப் பார்ப்பது, இடம் நிறைந்தால் எதை நகர்த்துவது, எதை ஒருபோதும் தொடக்கூடாது. இருபத்தாறு பக்கம் முடிந்திருக்கிறது. எழுதியவரைக்கும் படித்துவிட்டு அந்தப் பெண் பென்சிலால் ஓரத்தில் பதினொரு இடத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார். வரும் ஞாயிறு புத்தகத்தை ஒத்திவைத்துவிட்டு அவற்றுக்கு உட்காரப் போகிறோம்.